சைலோவில் பச்சைப் பூசணம், ஈனாத பெட்டைகளுக்கு வீக்கம்: ரெண்டும் ஒண்ணுதானா?

கலவை_மேசை (ஆயர் தாவார், பேரா, மலேசியா)

வணக்கம் எல்லாருக்கும். 120 தாய்ப்பன்றி உள்ள பண்ணை. தீவனம் வெளியில வாங்குறதில்ல, இங்கேயே அரைச்சுக் கலக்குறோம். நூறு கிலோவுக்கு சோளம் 55, சோயாப் புண்ணாக்கு 20, கோதுமைப் பொலார்ட் (நைஸ் தவிடு) 14, செம்பனைப் புண்ணாக்கு 8. மிச்சம் 3 கிலோ எண்ணெய், தாது உப்பு, வைட்டமின்.

மூணு வாரத்துக்கு முன்ன புதுச் சோளம் 12 டன் இறங்கிச்சு. பார்க்க நல்லா மஞ்சளா இருந்துச்சு, நாத்தம் இல்ல. இப்ப ஈனாத பெட்டைங்க 40 இருக்குற கொட்டகையில 18-க்குப் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருக்கு. வயசு நாலு மாசந்தான், பருவத்துக்கு வர்ற காலம் இல்ல. காம்பும் பெருத்திருக்கு. ரெண்டுக்கு ஆசனவாய் வெளிய தள்ளிடுச்சு. ஆனா தீனி வழக்கம்போல தின்னுதுங்க.

அதே வாரம் 8 டன் சைலோவை (தீவனம் சேமிக்கிற தகரக் கோபுரம்) தட்டினப்ப, சுவரோட ஒட்டியிருந்த தீவனம் பச்சையும் நீலமுமா பூசணம் பிடிச்சு பாளம் பாளமா விழுந்துச்சு. அதை உடைச்சு ரெண்டு நாள் சிமெண்டுத் தரையில வெயில்ல காயப்போட்டு, நல்ல தீவனத்தோட கலந்து போட்டாச்சு.

கேள்வி மூணு. வீக்கத்துக்குக் காரணம் அந்தப் பூசணமா? வெயில்ல காஞ்சா நஞ்சு போயிடுமா? சோளம் இன்னும் 6 டன் இருக்கு, தவுக்கே (முதலாளி) தூக்கிப் போட மாட்டார். மருந்து விக்கிற ஏஜென்ட் டன்னுக்கு 2 கிலோ பைண்டர் (நஞ்சைப் பிடிச்சு வைக்கிற தூள்) போட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றார். நம்பலாமா?

கொட்டகை_வைத்தியம்

தம்பி, காயப்போட்ட பாளம் கலந்த தீவனத்தை இன்னிக்கே நிறுத்துங்க. மத்ததை அப்புறம் பேசலாம். வெயில் பூசணத்தைக் கொல்லும், அது விட்டுட்டுப் போன நஞ்சைத் தொடாது. வேக வைச்சாலும் அதே கதைதான். 80 டிகிரியில பெல்லட் போட்டு வர்ற தீவனத்துல பூசணம் செத்திருக்கும், நஞ்சு அப்படியே இருக்கும்.

அடுத்தது தெர்மாமீட்டர். வீங்கின பெட்டைகள்ல ஒரு பத்தைப் பிடிச்சு ஆசனவாய்ச் சூடு பாருங்க. 38.5-லேர்ந்து 39.5-க்குள்ள இருந்தா தீவனத்தைச் சந்தேகப்படலாம். 40.5, 41-ன்னு காட்டினா, தோல் சிவந்து தீனியும் குறைஞ்சா, இந்தப் பேச்சையெல்லாம் விட்டுட்டு ஜபாத்தான் பெர்க்கிட்மத்தான் வெட்டரினாருக்கு (அரசுக் கால்நடைத் துறை) உடனே சொல்லணும். 2021 கடைசியிலேர்ந்து மலேசியத் தீபகற்பத்துல ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருக்கு. காய்ச்சலைப் பூசணம்னு நினைச்சு ரெண்டு நாள் தள்ளிப் போட்டா கொட்டகையே போயிடும்.

உங்க முதல் கேள்விக்கு வர்றேன். பச்சைப் பூசணமும் வீக்கமும் ஒரே வாரத்துல கண்ணுல பட்டதால ஒண்ணுக்கு ஒண்ணு காரணம்னு நினைக்கிறீங்க. எனக்கு அப்படித் தெரியல. நீங்க சொல்ற அடையாளம், அதாவது வயசுக்கு வராத பெட்டைக்கு வீக்கம், காம்பு பெருக்கிறது, ஆசனவாய் தள்றது, ஆனா தீனி குறையாதது, இது முழுக்க ஜியரலெனோன். உடம்புக்குள்ள போனதும் பெண் ஹார்மோன் மாதிரியே வேலை செய்யிற நஞ்சு. பண்ணை மிருகங்கள்ல இதுக்கு முதல்ல அகப்படுறது பன்றி, அதுலயும் ஈனாத பெட்டை.

இந்த நஞ்சைப் போடுறது ஃபுசேரியம்ங்கிற பூஞ்சை. அது வயல்ல, கதிர் நிக்கிறப்பவே பிடிக்கிறது. வளர 19, 20 சதம் ஈரமாவது வேணும். உங்க சைலோவுல இருந்த பச்சை, நீலம் எல்லாம் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வகை. 16 சதம் ஈரம் கிடைச்சாலே சேமிப்புல வளரும். அது போடுறது அஃப்லாடாக்சின், ஓக்ராடாக்சின். அதுங்க ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், பெட்டைக்கு வீக்கம் கொண்டு வராது.

ஆக உங்ககிட்ட இருக்கிறது ரெண்டு தனித்தனிக் கோளாறு. வீக்கம் பெரும்பாலும் சோளத்தோடவே கப்பல்ல வந்தது. நமக்கு வர்ற தீவனச் சோளம் அதிகமா அர்ஜெண்டினா, பிரேசில்ல விளைஞ்சது. அறுவடை நேரத்துல மழை பிடிச்சா, மணி மஞ்சளா நல்லாத் தெரியும்போதே உள்ள நஞ்சு இருக்கும். சைலோ பாளம் இங்க உருவானது. சைலோவைக் கழுவிட்டு அதே சோளத்தைப் போட்டீங்கன்னா வீக்கம் நிக்காது.

வீங்கினதுக்கு ஊசி ஒண்ணும் வேணாம். ஆன்டிபயாட்டிக் போட்டுக் காசைக் கரைக்காதீங்க. தீவனத்தை மாத்தினா ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா வடியும். ஆசனவாய் தள்ளின ரெண்டையும் உடனே தனிக் கூண்டுக்கு மாத்துங்க, மத்தது கடிச்சுக் குதறிடும். உள்ள தள்ளித் தையல் போடுறது டாக்டர் வேலை.

தாய்ப் பன்றிகளையும் கவனிங்க. சினைக்குப் போட்டு 7-லேர்ந்து 10 நாளைக்குள்ள இந்த நஞ்சு அதிகமாப் போனா கரு ஒட்டாது. பருவத்துக்குத் திரும்பவும் வராது, சினை மாதிரியே நிக்கும், வயித்துல ஒண்ணும் இருக்காது. அதனால "திரும்பி வரல, அப்ப சினைதான்"னு இந்த மாசம் கணக்கு எழுதாதீங்க. 28, 30 நாள்ல ஸ்கேன் வைச்சுப் பாருங்க. பிறக்கிற பெட்டைக் குட்டிக்கே வீக்கம் இருந்தா, தாய்த் தீவனத்துலயும் நஞ்சு இருக்குன்னு அர்த்தம்.

சைலோ_ஏணி

அண்ணன் சொன்னது சரி. சோளத்தை அவர் பார்த்துக்கட்டும், நான் சைலோவுக்கு வர்றேன்.

பகல்ல தகரம் கொதிக்குது, உள்ள இருக்கிற தீவனத்திலேர்ந்து ஈரம் ஆவியா மேல போகுது. ராத்திரி கூரைத் தகரம் குளிர்ந்ததும் அந்த ஆவி உள்பக்கம் முத்து முத்தா வேர்த்து, சுவரோட வழிஞ்சு, ஓரத்துத் தீவனத்துல இறங்குது. காலை ஆறரைக்கு மூடியைத் திறந்து உள்பக்கம் கையால தடவிப் பாருங்க. கை நனைஞ்சா உங்க பாளத்துக்குக் காரணம் அதுதான். அரைச்ச சூட்டோட ஏத்தினா இன்னும் மோசம். கலந்த தீவனம் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறினப்புறம்தான் சைலோவுக்கு ஏறணும்.

ரெண்டாவது இடம் மூடி ரப்பர். வெயில்ல வெடிச்சிருக்கும், அக்டோபர், நவம்பர் மழையில சாரல் உள்ள போகும். மூணாவது, அடியில ஆகர் (தீவனத்தைத் தள்ளிக் கொண்டுபோற திருகுக் குழாய்) தொடங்குற பெட்டி. அங்க ஒரு முழங்கை நீளத்துக்குத் தீவனம் நகராமலே கிடக்கும். எல்லாரும் மேல பார்ப்பாங்க, அந்தப் பெட்டியோட அடித் தகட்டைக் கழட்டிப் பார்க்கிறவங்க குறைவு. கழட்டினா கறுப்பா, புளிச்ச வாடையோட ஒரு கட்டி இருக்கும். புதுத் தீவனம் ஒவ்வொரு தடவையும் அதை உரசிக்கிட்டுத்தான் தொட்டிக்குப் போகுது.

கூம்பு ஒடுங்குற இடத்துல வெளிப்பக்கம் சுத்தியல் அடிச்ச பள்ளம் இருக்கான்னு பாருங்க. இருக்கும், எல்லாப் பண்ணையிலயும் இருக்கு. தீவனம் இறங்கலன்னு அடிக்கிற ஒவ்வொரு அடியும் உள்பக்கம் ஒரு மேடாகும். அடுத்த பாளம் அந்த மேட்டுலதான் பிடிக்கும். ரப்பர்ச் சுத்தியல் வாங்கிக் கொடுத்துட்டு இரும்புச் சுத்தியலைப் பூட்டி வைங்க.

சுத்தம் பண்றது இப்படி. முழுசாக் காலி பண்ணுங்க. ஆகர் சுவிட்ச்சை அணைச்சுப் பூட்டுப் போடுங்க. நீளக் கம்புல பிரஷ் கட்டி மேலேர்ந்து சுரண்டுங்க. உள்ள இறங்கியே ஆகணும்னா தனியா இறங்காதீங்க. பூசணம் பிடிச்ச மூடின சைலோவுல பிராணவாயு குறைஞ்சிருக்கும். மேல் கீழ் ரெண்டு வாயும் திறந்து காத்தோட விட்டு, இடுப்புல கயிறு கட்டி, வெளிய ஒருத்தர் நிக்கணும். முகத்துக்கு என்95, துணி போதாது. சுரண்டினப்புறம் ஒரு பங்கு வீட்டு குளோராக்ஸ், ஒன்பது பங்கு தண்ணி கலந்து துடைச்சு, நல்ல வெயிலா ரெண்டு நாள் திறந்து போட்டுக் காய விடணும். மழை நாள்னா தண்ணியே காட்டாதீங்க, உலர்ந்த பிரஷ்ஷோட நிறுத்துங்க. ஈரத்தோட தீவனம் ஏத்தினா முன்னைவிடக் கேடு.

8 டன் சைலோவுல மேல மேல ஏத்திக்கிட்டே இருக்கிறதுதான் மூலக் காரணம். ஓரத்துல இருக்கிறது கீழ வர்றதே இல்ல, நடுவுல குழி விழுந்து புதுசுதான் முதல்ல இறங்குது. ஒரு தடவையாவது முழுக்கக் காலியாகிறதைக் கண்ணால பார்த்துட்டு அடுத்தது ஏத்துங்க. கலந்த தீவனம் பத்து நாளைக்கு மேல நிக்கக் கூடாது.

ஆய்வு_மேசை

நண்பரே, இதுவரை சொன்னது எல்லாம் சந்தேகம். உறுதி செய்யச் சோதனை வேண்டும். சோதனை பெரும்பாலும் பொய்ப்பது ஆய்வுக்கூடத்தில் அல்ல, மாதிரி எடுக்கிற இடத்தில்.

நஞ்சு ஒரு குவியலில் சமமாகப் பரவியிருக்காது. ஆயிரம் மணியில் ஒன்றிரண்டு மணி மொத்த நஞ்சையும் சுமந்திருக்கலாம். மேல்மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி அனுப்பினால் "ஒன்றும் இல்லை" என்று வரும், நம்பி ஏமாறுவீர்கள். பாளத்தை மட்டும் பொறுக்கி அனுப்பினால் மொத்தச் சோளமும் கெட்டது என்று வரும்.

மூட்டையாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு மூட்டையில், மேல் நடு கீழ் என்று குத்தூசி போட்டு எடுங்கள். அதைவிடச் சிறந்தது, சோளம் ஆகரில் ஓடும்போது வாயில் ஒரு டின் பிடித்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பது. மொத்தம் 5 கிலோ சேர வேண்டும். அந்த 5 கிலோவையும் முழுதாக அரைக்க வேண்டும். மணியாகவே பங்கு பிரித்தால் கெட்ட மணி எந்தப் பங்குக்குப் போகும் என்பது சீட்டுக் குலுக்கல்தான். அரைத்த மாவை விரிப்பில் கொட்டி நாலு கூறாகப் பிரித்து, எதிரெதிர்க் கூறு இரண்டை எடுத்து மறுபடி கலந்து, இப்படியே அரைக் கிலோ அரைக் கிலோவாக இரண்டு பொட்டலம் வரும் வரை குறையுங்கள். காகிதப் பை. பிளாஸ்டிக்கில் வியர்த்து, அஞ்சலில் போகும் வழியிலேயே பூசணம் வளரும். ஒன்றை அனுப்புங்கள். மற்றதைத் தேதி எழுதி உறைபெட்டியில் மூன்று மாதம் வையுங்கள். சோளம் விற்றவரோடு பேச்சு வந்தால் அந்தப் பொட்டலமும், டெலிவரி ஆர்டரும், மூட்டைச் சீட்டின் படமும்தான் உங்கள் பக்கம் நிற்கும். தீவனத்தின் தரத்துக்கு இங்கே 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தீவனச் சட்டம் இருக்கிறது.

உங்களுக்கு இரண்டு மாதிரி தேவை: சோளம் தனியாக, சைலோப் பாளம் தனியாக. கேட்க வேண்டியவை ஜியரலெனோன், அதே ஃபுசேரியம் வகை போடும் வாமிடாக்சின், ஃபியூமோனிசின், பிறகு அஃப்லாடாக்சின் பி1, ஓக்ராடாக்சின். வெறும் "பூஞ்சை எண்ணிக்கை" கேட்காதீர்கள். எத்தனை பூஞ்சை உயிரோடு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும், எவ்வளவு நஞ்சு கிடக்கிறது என்பதைச் சொல்லாது. ஈப்போவில் அரசுக் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. எந்த நஞ்சுக்குச் சோதனை எடுக்கிறார்கள், எத்தனை கிராம் வேண்டும் என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சிலர் நீல விளக்கில் (புற ஊதா விளக்கு) பார்க்கச் சொல்வார்கள். உடைந்த மணி பச்சை மஞ்சளாக ஒளிர்ந்தால் அங்கே ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்தது என்று பொருள். ஒளிர்வது கோஜிக் அமிலம், அஃப்லாடாக்சின் அல்ல. ஜியரலெனோனுக்கு அந்த விளக்கு உதவாது.

முடிவு வந்ததும் எந்த அளவோடு ஒப்பிடுவது? ஒரு டன் தீவனத்தில் இத்தனை மில்லிகிராம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் பிபிபி என்று வருவதும் அதே எண்தான். ஐரோப்பிய ஒன்றியம் முழுத் தீவனத்துக்குச் சொல்லும் வழிகாட்டி அளவு: ஜியரலெனோன் குட்டிக்கும் ஈனாத பெட்டைக்கும் 100, தாய்க்கும் கொழுக்கும் பன்றிக்கும் 250. வாமிடாக்சின் பன்றிக்கு 900. ஃபியூமோனிசின் 5,000. ஓக்ராடாக்சின் 50. அஃப்லாடாக்சின் பி1 மட்டும் வழிகாட்டி அல்ல, சட்ட வரம்பு: பன்றிக்கு 20, குட்டிக்கு 5.

கலவை_மேசை

ரொம்ப நன்றி. தெர்மாமீட்டர் பார்த்தாச்சு, பத்துமே 39.4-க்குள்ள. காலையில மூடி உள்பக்கம் நல்லா நனைஞ்சிருக்கு. ஆகர் பெட்டியைக் கழட்டினதுல சொன்ன மாதிரியே கறுப்புக் கட்டி, ரெண்டு வாளி. மாதிரி அனுப்பிட்டோம். பெட்டைங்களுக்கு இப்பப் பழைய சோளம் மிச்சம் இருந்ததைக் கலந்து ஓட்டுறோம், அஞ்சு நாளைக்குத்தான் வரும். பைண்டர் பத்தி யாரும் சொல்லலியே?

கொட்டகை_வைத்தியம்

பைண்டர்ல பொதுவா விக்கிறது பென்டோனைட் களிமண். அஃப்லாடாக்சின் தட்டையான மூலக்கூறு, களிமண் அடுக்குக்கு நடுவுல சொருகிக்கும். டன்னுக்கு 2.5-லேர்ந்து 5 கிலோ போட்டா நல்லாவே பிடிக்கும். ஐரோப்பாவுல 2013-ல பென்டோனைட்டுக்கு அஃப்லாடாக்சினைக் குறைக்கன்னு குறிச்சுத்தான் அனுமதி கொடுத்தாங்க. ஜியரலெனோனை அது ரொம்பக் கொஞ்சம்தான் பிடிக்கும், வாமிடாக்சினைக் கிட்டத்தட்டப் பிடிக்கவே பிடிக்காது. உங்க கோளாறு ஜியரலெனோன்னா, ஏஜென்ட் விக்கிறது வேற பூட்டோட சாவி. ஈஸ்ட் சுவர் கலந்த வகை கொஞ்சம் உதவும், ஆனா அதை நம்பி கெட்ட சோளத்தை 55 சதம் போட முடியாது. பையில "எல்லா நஞ்சுக்கும்"னு அச்சடிச்சிருந்தா, எந்த நஞ்சுக்கு எத்தனை சதம், எந்தச் சோதனையிலன்னு எழுத்துல கேளுங்க. பதில் வர்ற வேகத்துல தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு, தைலோசின் மாதிரி மேக்ரோலைட் மருந்து தீவனத்துல ஓடுறப்ப களிமண் போடாதீங்க. மருந்தையும் சேர்த்துப் பிடிச்சு வெளிய தள்ளிடும்.

சைலோ_ஏணி

பைண்டரையும் பூஞ்சைத் தடுப்பையும் குழப்பிக்காதீங்க, ஒரே ஏஜென்ட் ரெண்டையும் விக்கிறதால பலபேர் ஒண்ணுன்னு நினைக்கிறாங்க. புரோபியோனிக் அமிலம், கால்சியம் புரோபியோனேட் எல்லாம் பூசணம் வளராம தடுக்கும், ஏற்கெனவே உள்ள நஞ்சை ஒண்ணும் செய்யாது. டன்னுக்கு 1-லேர்ந்து 3 கிலோ, ஈரத்தைப் பொறுத்து. நேரா மிக்சர்ல கொட்டாம முதல்ல 20 கிலோ பொலார்டோட கலந்து, அப்புறம் மிக்சர்ல போடுங்க. சேராத இடத்துல பூசணம் வழக்கம்போல வளரும். சுத்த அமிலம் கையைச் சுடும், தகரத்தைத் தின்னும். தூள் வகையே போதும்.

சோளம் இறங்குறப்பவே ஈரமானியில 13 சதம், அதுக்கு மேல 14 வரைக்கும் சீக்கிரம் செலவழிக்கிறதா இருந்தா எடுங்க. அதுக்கு மேல லோரியைத் திருப்பி அனுப்புங்க. ஈரமானி கையில இல்லாத நாளுக்கு உப்புச் சோதனை: வாணலியில வறுத்து ஆறின உப்பு கண்ணாடிப் போத்தல்ல மூணுல ஒரு பங்கு, அதே அளவு சோளம். மூடி ரெண்டு நிமிஷம் குலுக்கி, கால் மணி நேரம் வைங்க. உப்பு கண்ணாடியில ஒட்டியிருந்தா ஈரம் 15-க்கு மேல. ஒட்டலன்னா 15-க்குக் கீழன்னு மட்டும்தான் தெரியும், 13-ஆன்னு தெரியாது. திருப்பி அனுப்ப உதவும், ஏத்துக்க உதவாது.

மூட்டை பலகை மேல, சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி. ஓட்டை விழுந்த மணி, அரிசி வண்டு மாதிரி மூக்கு நீண்ட வண்டு தெரிஞ்சா அந்த அடுக்கை முதல்ல செலவழிங்க. வண்டு மூச்சு விட்டே மூட்டைக்குள்ள சூடும் ஈரமும் ஏத்திடும், பூசணம் பின்னாலயே வரும். கான்வஸ் போட்டு இறுக்கி மூடாதீங்க, அதுவும் சைலோ கூரை மாதிரிதான் வேர்க்கும்.

கலவை_மேசை

அறிக்கை வந்தாச்சு. சோளம்: ஜியரலெனோன் 900, வாமிடாக்சின் 600, அஃப்லாடாக்சின் 4, மத்தது குறிச்சுச் சொல்ற அளவுக்கு இல்ல. சைலோப் பாளம்: அஃப்லாடாக்சின் 65. எல்லாம் பிபிபி. இப்ப அந்த 6 டன்னை என்ன செய்றது? பாளம் நாலு மூட்டை ஓரமா கிடக்கு.

ஆய்வு_மேசை

அறிக்கை தெளிவாகவே பேசுகிறது. சோளத்தில் அஃப்லாடாக்சின் 4, பாளத்தில் 65. அதாவது அஃப்லாடாக்சின் உங்கள் சைலோவில் பிறந்தது. ஜியரலெனோன் சோளத்தோடு வந்தது.

கணக்கு இப்படி. 900 உள்ள சோளம் 55 சதம் என்றால் தீவனத்தில் 495. பெட்டைக்கான 100-ஐப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு, வீங்கியதில் வியப்பில்லை. அதே சோளத்தைப் பெட்டைக்கு 100-க்குள் கொண்டுவர 11 சதம் மட்டும் போடலாம். பொலார்டிலும் கொஞ்சம் இருக்கக்கூடும், ஆகவே பெட்டைக்கும் தாய்க்கும் குட்டிக்கும் இந்தச் சோளம் ஒரு மணிகூட வேண்டாம் என்பதே என் கருத்து. கொழுக்கும் பன்றிக்கு 20 சதம் போட்டால் 180 வரும், 250-க்குள் நிற்கும். வாமிடாக்சின் அந்த அளவில் 120, கவலை இல்லை. 6 டன்னை 20 சதத்தில் செலவழிக்க 30 டன் தீவனம் கலக்க வேண்டும்.

கொட்டகை_வைத்தியம்

கணக்கு சரி, ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. கொழுக்கும் பன்றியில பாதி பெட்டை. நம்ம ஊர்ல நிறைய பண்ணையில ஆண் பெட்டை பிரிக்காம ஒரே கூண்டுல வளர்க்குறாங்க. 180-ல வீக்கம் வராம போகலாம், ஆனா 20 சதம்னு சொன்னது மிக்சர்காரர் கையில ஒருநாள் 30 ஆகும். காயடிச்ச ஆணுக்கு மட்டும்னா நான் ஒத்துக்கிறேன். கூண்டைப் பிரிக்க முடியுமா?

கலவை_மேசை

பிரிக்கலாம். கொழுக்குறது 500 இருக்கு, காயடிச்சது 250 கிட்ட. நாளைக்கு ஆளுக்கு 3 கிலோ.

கொட்டகை_வைத்தியம்

அப்ப நாளைக்கு 750 கிலோ. 30 டன்னுக்கு 40 நாள். அந்த 40 நாளும் சோளம் கெடாம இருக்கணும், அதனால ஈரம் 13-க்கு மேல இருந்தா இந்த ஏற்பாடே வேணாம். முதல்ல சலிச்சு உடைசலையும் தூசியையும் தனியா எடுத்துப் போடுங்க. நஞ்சு முழு மணியைவிட உடைஞ்சதுலயும் தூசியிலயும்தான் அதிகம். 6 டன்னுல ரெண்டு மூணு மூட்டை போனாலும் போகட்டும். மூட்டைகள்ல சிவப்புப் பெயிண்ட் கோடு போட்டு வேற மூலையில அடுக்குங்க, "ஆண் மட்டும்"னு எழுதி. ராத்திரி ஷிப்ட்டு ஆளுக்குத் தமிழ் தெரியலன்னா படம் வரைஞ்சு ஒட்டுங்க.

பெட்டைக்கும் தாய்க்கும் சோளத்துக்குப் பதிலா குருணை போடலாம். குருணையில நார் கம்மி, பொலார்டை ரெண்டு மூணு சதம் ஏத்துங்க. மரவள்ளிச் சிப்ஸ் போட்டா புரதம் சோளத்துல பாதிகூட இல்ல, சோயாவைக் கூட்டணும், விலையில லாபம் நிக்குமான்னு பார்த்துக்குங்க.

லயத்துக்காரி

பாளம் நாலு மூட்டை ஓரமா கிடக்குன்னு எழுதியிருக்கீங்களே தம்பி, அதைப் பத்தி யாரும் பேசலையே. தோட்டத்துப் பக்கம் ஓரமா கிடக்கிற தீவனம் ரெண்டு நாள் நிக்காது. யாராவது "சும்மாதானே கிடக்கு"ன்னு லயத்துக்கு எடுத்துப் போயிடுவாங்க. வாத்துக்குக் கொட்டினா முதல்ல சாகிறது வாத்துதான், அஃப்லாடாக்சினை அது கொஞ்சமும் தாங்காது. 1960-ல இங்கிலாந்துல லட்சத்துக்கு மேல வான்கோழிக் குஞ்சு செத்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடிச்சாங்க, அதுவும் கடலைப் புண்ணாக்குல. மாட்டுக்குப் போட்டா மாடு நல்லாத்தான் நிக்கும், ஆனா நஞ்சுல ஒரு பங்கு அஃப்லாடாக்சின் எம்1-ஆ மாறிப் பால்ல வரும். அந்தப் பாலைக் குடிக்கிறது வீட்டுப் பிள்ளைங்க. காய்ச்சினாலும் போகாது. நம்ம பேராவுலயே 1988 அக்டோபர்ல லோ ஷி ஃபன் (அரிசி நூடுல்ஸ்) சாப்பிட்டு 13 பிள்ளைங்க ஈரல் போய் இறந்தப்ப, போரிக் அமிலத்தோட இந்த அஃப்லாடாக்சின் பேரும்தான் அடிபட்டுச்சு.

குழி தோண்டிப் புதைங்க, கிணறு, அலூர் (வாய்க்கால்) பக்கம் வேணாம். மூட்டையோட புதைக்காம கிழிச்சுக் கொட்டி, மேல தண்ணி தெளிச்சு, சுண்ணாம்பு தூவி மண் மூடுங்க. தெளிக்காம கொட்டினா பச்சைத் தூசி எழும்பி மூச்சுல போகும். அள்ளுறவங்க மாஸ்க் போடணும், ஆஸ்துமா உள்ளவங்களை அனுப்பாதீங்க. ஆகர் பெட்டியில எடுத்த ரெண்டு வாளியும் சேர்த்துத்தான்.

கலவை_மேசை

சரிக்கா, இன்னிக்கே புதைச்சிடுறோம். அந்த ரெண்டு வாளியை நேத்து ஒருத்தர் கோழிக்குன்னு கேட்டார், நல்லவேளை இன்னும் கொடுக்கல. குருணைக்குச் சொல்லியாச்சு, வியாழன் வருது. வீக்கம் 18-ல 7-க்கு வடிய ஆரம்பிச்சிருக்கு.

சைலோ_ஏணி

குருணை லோரி வர்றப்ப ஈரமானியைக் கையில வச்சுக்குங்க. மூடி ரப்பர் மாத்திட்டீங்களா?

கலவை_மேசை

ரப்பர் நாளைக்கு. இரும்புச் சுத்தியலைத் தவுக்கேயே வாங்கிக் கார்ல போட்டுக்கிட்டார்.